மலைக்கு முதுகு காட்டிய டிஷ்

சர்தார் பாயைத் திருவண்ணாமலையில் பாதி ஊருக்குத் தெரியும். ஆனால் அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கேபிள்காரர் என்பார்கள் சிலர். நெட் கடைக்காரர் என்பார்கள் செங்கம் ரோட்டில் ரொம்ப நாளாகக் குடியிருக்கும் வெள்ளைக்காரர்கள். வெயிலில் மொட்டை மாடியில் நின்று டிஷ்ஷைத் திருப்புகிறவர் என்றால் அது உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். காற்று வழியாக இன்டர்நெட் அனுப்புவது அவர் வேலை. கேட்பதற்கு ஏதோ மாயாஜாலம் மாதிரி இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஏணியும் ஸ்பானரும் காக்கை எச்சமும்தான்.

அவருடைய அப்பா தேரடி வீதியில் டிரங்குப் பெட்டியும் பூட்டும் விற்றவர். மகனுக்கு அந்தக் கடையில் உட்காரப் பிடிக்கவில்லை. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்தார். நாலு வருஷம் ஈ மொய்ப்பது போலக் கூட்டம். அப்புறம் எல்லார் கையிலும் போன் வந்தது, கடையில் ஈ மட்டும் மிஞ்சியது. அதற்கு அடுத்துப் பிடித்ததுதான் இந்த வயர்லெஸ்.

வேங்கிக்காலில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் இரும்புக் கம்பம் நட்டார். நகரத்திலிருந்து வரும் இன்டர்நெட் கம்பி அங்கே முடியும். அங்கிருந்து டிஷ் வழியாக எதிரே தெரியும் கூரைக்கு, அந்தக் கூரையிலிருந்து அடுத்த கூரைக்கு என்று மைல் கணக்கில் தாண்டிப் போகலாம். ஒரே நிபந்தனை, ஒரு டிஷ் இன்னொரு டிஷ்ஷைக் கண்ணால் பார்க்க வேண்டும். நடுவில் தென்னை மட்டை ஆடினால்கூட அதற்கு ரோஷம் வந்துவிடும். ஆரம்பத்தில் இந்தக் கருவிகளை விற்கும் கம்பெனியின் டை கட்டிய ஆட்கள் சென்னையிலிருந்து வந்து ஓட்டலில் கூட்டம் போட்டார்கள். குக்கிராமம் வரைக்கும் கம்பி இழுக்க எந்தக் காலம் ஆகுமோ, அதுவரை கிராமமெல்லாம் உங்கள் கையில்தான் என்றார்கள். சர்தார் நம்பினார். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. கம்பி இவ்வளவு சீக்கிரம் வந்துவிடும் என்பதுதான் அவர்களுக்கும் தெரியவில்லை.

லாட்ஜுகள் முதலில் கழன்றுகொண்டன. பிறகு பண்ணை வீடுகள். போன் கம்பெனிக்காரர்கள் ஜன்னலோரம் வைத்தாலே நெட் எடுக்கிற ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து மிச்சத்தையும் வாரிக்கொண்டு போனார்கள். கடைசியில் சர்தாரின் கருவிகளைச் செய்த கம்பெனியே மூடிவிட்டது. அந்தக் கருவிகள் தங்கள் ஜோடியோடு மட்டும்தான் பேசும், வேறு எந்தக் கம்பெனி சரக்கையும் ஏறெடுத்துப் பார்க்காது. ஆகவே பழுதான ஒன்றை உடைத்து இன்னொன்றுக்குப் போட்டு அவர் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் இந்தத் தொழிலுக்கு ஒரு பெரிய இடைஞ்சலும் உண்டு. அந்த இடைஞ்சலைத்தான் லட்சக்கணக்கானவர்கள் வந்து கும்பிட்டு, சுற்றிவிட்டுப் போகிறார்கள். மலை மேல் ஒரு கம்பம் நட்டால் மாவட்டத்துக்கே நெட் கொடுக்கலாம். சர்தார் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருடைய நெட்டும் எல்லாரையும் போல மலையைச் சுற்றித்தான் போயிற்று.

சுற்றிப் போய்ச் சேர்ந்த இடம் அடி அண்ணாமலைக்கு மேற்கே, ஏரிக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். மலையின் நிழலில் அங்கே போனில் பேச மட்டும்தான் டவர் எடுக்கும், நெட் எடுக்காது. பூமிக்கடியில் வந்த கேபிள், ரோடு அகலப்படுத்தும்போது அறுந்தது, அறுந்தபடியே கிடக்கிறது. அந்த ஊரில் தமிழ்செல்வி என்ற பெண் தன் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர்களைப் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டுப் பேரை வைத்து ஒரு வேலை நடத்திக்கொண்டிருந்தாள். டிரைவர் இல்லாமல் ஓடும் கார்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க, எங்கேயோ வெளிநாட்டுத் தெருக்களின் படம் வரும். அதில் இது நாய், இது சைக்கிள், இது ரோட்டைக் கடக்கிற ஆள் என்று கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். இந்த வேலை இல்லாவிட்டால் அந்தப் பெண்களுக்குக் கதி, விடிவதற்கு முன்னால் வந்து ஏற்றிக்கொண்டு இருட்டிய பிறகு இறக்கிவிடும் ஷூ கம்பெனி பஸ்தான். அதில் சில வருஷம் போய் இடுப்பு விட்டுப்போனவள் தமிழ்செல்வி.

"பாய், உங்க டிஷ்ஷ நம்பித்தான் பிள்ளைகுட்டிக்காரிங்களை எல்லாம் கூப்ட்டு உக்கார வச்சிருக்கேன்" என்பாள். சர்தாருக்கு அது கேட்கப் பெருமையாகவும் பயமாகவும் இருக்கும். போன வருஷம் மழையில் இரண்டு தடவை லைன் படுத்துக்கொண்டதற்குச் அவளுக்கு வேலை கொடுக்கும் சென்னைக் கம்பெனி கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டது. இன்னொரு தடவை ஒரு நாள் முழுக்க லைன் இல்லையென்றால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும். மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாம் போன பிறகு, சர்தாரின் இத்தனை வருஷ உழைப்புக்கு மிஞ்சியிருந்த பெயர் இந்த ஒரு லைன்தான். இதையாவது காப்பாற்ற வேண்டும் என்று இருந்தார்.

அந்த லைனின் நடுக்கூரை, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய திரௌபதியின் வீடு. பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கு மோரும் இளநீரும் விற்கிற குடும்பம். அவள் மாடியில் ஒரே கம்பத்தில் இரண்டு டிஷ். மேலே உள்ளது வேங்கிக்காலைப் பார்க்கும். கீழே உள்ளது மலைக்கு எதிர்ப்பக்கம், மேற்கே தமிழ்செல்வியின் ஊரைப் பார்க்கும். வாடகை வேண்டாம், வீட்டுக்கு நெட் கொடுத்தால் போதும் என்று பல வருஷமாக முகம் சுளிக்காமல் இடம் கொடுத்திருந்தாள்.

ஆடி மாதம் அவள் புருஷன் திருமலைக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இருந்து கூட்டிவந்த வாரம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வந்து திரௌபதி வீட்டில் தங்கும் ஜோதியம்மாள் என்பவர் மாடிக்குப் போய்ச் சேலை உலர்த்தினார். டிஷ்ஷைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். கீழே வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அப்படி ஒரு சாத்திரம் எங்கும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் படுக்கையில் புருஷனை வைத்துக்கொண்டிருக்கிறவளுக்குச் சாத்திரமா முக்கியம்?

சர்தாரைக் கூப்பிட்டு அனுப்பினாள். "பாய், கோவிச்சிக்காதீங்க. உங்க டிஷ்ஷு மலைக்கு முதுகு காட்டிக்கினு நிக்குதாம். அதான் இவருக்கு இப்படி ஆயிடுச்சின்னு சொல்றாங்க. அத மலையப் பாத்தாப்ல திருப்பிடுங்க."

"திருப்பினா அந்த ஊருக்கு லைன் போவாதும்மா."

"அப்ப எடுத்துக்கினு போயிடுங்க. இத்தினி வருசத்துல உங்கள நான் எதனா கேட்டிருக்கனா?"

கேட்டதில்லை. அதுதான் அவர் வாயை அடைத்தது. இது வெறும் இரும்புத் தட்டு, இதற்கு முதுகும் இல்லை முகமும் இல்லை என்று வேறு யாராவது சொல்லியிருக்கலாம். சர்தார் எப்படிச் சொல்வார்? தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கிற குடும்பம். யார் வீட்டில் செருப்பை எங்கே விடுவது, எந்த வார்த்தையை எங்கே விழுங்குவது என்று தெரிந்து பிழைத்த குடும்பம். ரெண்டு நாள் டைம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்துக் கூரைகளை எல்லாம் ஏறிப் பார்த்தார். ஒரு வீட்டுக்கு எதிரே புளியமரம். இன்னொன்றுக்கு எதிரே புதிதாக எழும்பும் கல்யாண மண்டபம். வேங்கிக்காலும் ஏரிக்கு அப்பால் உள்ள ஊரும் ஒருசேரத் தெரிவது திரௌபதியின் மாடியில் இருந்து மட்டும்தான்.

யோசனை சொன்னவன் காசி. சுவர் விளம்பரம் எழுதுகிறவன், கம்பம் ஏற்றும்போது சர்தாருக்குக் கூடமாட நிற்பவன், பல வருஷச் சிநேகிதம். டீக்கடையில் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"முதுகு காட்டுதுன்றதுதானே பிரச்சனை? முதுகையே மூஞ்சி ஆக்கிட்டா இன்னா பாய்?"

"புரியற மாதிரி சொல்லு."

"பின்பக்கம் வெள்ளையாத்தானே கீது. மூணு பட்டை போட்டு, நடுவுல ஒரு பொட்டு வச்சி, ரெண்டு கண்ணு எழுதிட்றேன். அப்புறம் அது மலையைத்தானே பாக்கும். உன் லைனும் அது பாட்டுக்குப் போவும்."

சர்தார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்குப் போய் மனைவி கைசர் ஜஹானிடம் சொன்னார். அவள் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "உங்களுக்கு இது ஒரு தந்திரம். அந்தம்மாவுக்கு அப்படி இல்ல. நாளைக்கு நீங்களே இல்லன்னு சொன்னாலும் கேக்க மாட்டாங்க" என்றாள். வரைவது காசிதானே, நான் இல்லையே என்றார் அவர். அந்தச் சமாதானம் அவருக்கே ஒட்டவில்லை.

காசி நன்றாகவே எழுதினான். நன்றாக எழுதியதுதான் வினை. ஏனோதானோ என்று பட்டை இழுத்திருந்தால் வெறும் பெயிண்டாகவே இருந்திருக்கும். அவனோ கண்களுக்குள் கருமணி வைத்து, இமை தீட்டி, இறங்கிவந்து தூரத்தில் நின்று பார்த்தபோது அவனே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். திரௌபதி மாடிப்படியில் நின்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இனிமே கவலைப்படாதீங்கம்மா" என்று மட்டும் சொன்னார் சர்தார். ஏரிக்கு அப்பால் எட்டுப் பெண்கள் நாய்களுக்கும் சைக்கிள்களுக்கும் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அன்றைக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

முதலில் ஒரு முழம் பூ வந்தது. பிறகு ஊதுவத்தி. பாதையில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, அந்த மாடியில் என்ன சாமி என்று கேட்க ஆரம்பித்தார்கள். புரட்டாசியில் திருமலை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். ஐப்பசியில் கோல் ஊன்றி வாசல் வரை நடந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையும், தினம் இரண்டு வேளையும் அவர் காலை நீவிவிட்ட திரௌபதியின் கைகளும் யார் நினைப்பிலும் வரவில்லை, அவள் நினைப்பிலேயே வரவில்லை. ஒரு தடவை அவள் சாற்றிய பட்டுத்துணி முன்பக்கம் வழிந்து லைன் திக்கியது. சர்தார் போய் அதை மரியாதையாகப் பின்னால் ஒதுக்கிக் கட்டிவிட்டு வந்தார். அன்றைக்கே உட்காரவைத்து விளக்கிச் சொல்லியிருக்கலாம். புருஷன் நடக்கிற சந்தோஷத்தில் இருந்தவளிடம் அவருக்கு வாய் வரவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் தமிழ்செல்வி போன் செய்தாள். "பாய், லைன் சுத்தமா போயிடுச்சி. இன்னிக்கி பெரிய வேலை வந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்."

"பதறாதம்மா. வந்துட்டே இருக்கேன்."

வண்டியை விரட்டிக்கொண்டு போனார். திரௌபதியின் வாசலில் கோலம் பெரிதாக இருந்தது. மாடிக்கு ஏறினார். கீழ் டிஷ்ஷைச் சுற்றிப் புத்தம்புதுத் தகரத்தில் ஒரு சின்னக் கோயில். மூன்று பக்கமும் அடைப்பு, மலைப் பக்கம் மட்டும் திறப்பு. மேலே மஞ்சள் துணியில் கொடி. டிஷ் எந்தப் பக்கம் நெட்டை அனுப்ப வேண்டுமோ அந்த மேற்குப் பக்கம்தான் கோயிலின் பின்சுவர். அதற்கு ஒரு சாண் முன்னால், தகரத்தைப் பார்த்தபடி நின்றது டிஷ்.

"அவரு எழுந்து நடந்தா கட்டுறேன்னு வேண்டிக்கினேன் பாய்" என்றாள் திரௌபதி. முகமெல்லாம் சந்தோஷம். "உங்களுக்கு முன்னாடியே சொல்லலாம்னு பாத்தேன். வந்து பாத்தா சந்தோசப்படுவீங்கன்னு சொல்லல."

சர்தார் பையைக் கீழே வைத்தார். பின்சுவரில் ஒரு ஜன்னல் அளவு வெட்டினால் போதும் என்று எவ்வளவு பக்குவமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பக்குவமாகச் சொன்னார். ஏரிக்கு அப்பால் இருக்கும் பெண்களைப் பற்றிச் சொன்னார். சாயங்காலத்துக்குள் லைன் வராவிட்டால் அவர்களுக்கு வேலை போய்விடும் என்றும் சொன்னார். திரௌபதி கேட்கக் கேட்க அவள் முகம் சுண்டிப்போயிற்று. அவள் கல்மனசுக்காரி இல்லை. எட்டுப் பேர் பிழைப்பு என்றதும் தவித்துத்தான் போனாள்.

"சாமிக்குப் பின்னால ஓட்டை போட்டா அது திரும்ப மலைக்கு முதுகு காட்டுனதா ஆயிடாதா?" என்றாள். திருமலை கோலை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறி வந்து நின்றார். வாய் இன்னும் கொஞ்சம் கோணித்தான் இருந்தது. "எடுத்துடு திரௌபதி" என்றார் குழறலாக. "எனக்கு இன்னா ஆனாலும் பரவால்ல. பாய் கேக்கறாரு."

திரௌபதி அழவில்லை. சர்தாரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க பாய். இதுல சாமி இல்ல, வெறும் பெயிண்டுதான்னு உங்க வாயால சொல்லுங்க. இப்பவே நான் பிரிச்சிப் போட்டுட்றேன்."

உண்மை அவ்வளவுதான். வெறும் பெயிண்ட். வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். சொல்லியிருந்தால் தகரம் கழன்றிருக்கும், லைன் வந்திருக்கும், எட்டுப் பேர் தப்பியிருப்பார்கள். ஆனால் கோலில் நடுங்கிக்கொண்டு நிற்கிற மனிதனின் எதிரில், அவனை நிற்கவைப்பது எது என்று அவள் நம்புகிறாளோ அதைப் பிடுங்கிப் போட சர்தாருக்கு நாக்கு எழவில்லை. நாளைக்கு அவர் மறுபடியும் விழுந்துவிட்டால்? ஒரு துலுக்கர் சொல்லி சாமி கூரையைப் பிரித்தார்கள் என்று ஊர் சொல்லுமே என்ற பயமும் இல்லாமல் இல்லை. இரண்டில் எது அன்று அவரைத் தடுத்தது என்று அவருக்கே இதுவரை தெளிவாகவில்லை.

"நான் எப்படிம்மா அதைச் சொல்றது" என்றார்.

சரி, கருவியையாவது கழற்றிக்கொண்டு போகலாம், வேறு எங்காவது உயரமாக ஒரு கம்பம் நட்டு ஒரு முயற்சி செய்து பார்க்கலாம் என்று ஸ்பானரை எடுத்துக் குனிந்தார். தமிழ்செல்வி வீட்டு டிஷ்ஷோடு பேசக்கூடியதாக அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். டிஷ்ஷின் பின்னால், காசி வைத்த பொட்டுக்குக் கீழே, கருவிப் பெட்டியில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அத மட்டும் அணைச்சிடாதீங்க பாய்" என்றாள் திரௌபதி அவசரமாக. "காலைல அவரு எழுந்ததும் அதத்தான் பாக்குறாரு. வரமாட்டேன்ற கையையும் சேத்துக் கும்புடுறாரு."

சர்தார் ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். திரௌபதி கொடுத்த வாழைப்பழத்தையும் வாங்கிக்கொண்டார்.

ஏரிக்கு அப்பால் போய் நேரிலேயே சொன்னார். போனில் சொல்ல மனசு வரவில்லை. பெண்கள் கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்ததுமே தமிழ்செல்விக்குப் புரிந்துவிட்டது. கோயில், தகரம், பச்சை விளக்கு எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தக்கா வீட்டுக்காரரு இப்ப நல்லா நடக்குறாரா?"

"நடக்கறாரும்மா."

"எங்களப் பத்தி அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"சொல்லியுமா" என்றாள் தமிழ்செல்வி. ஒவ்வொரு கம்ப்யூட்டராக அணைத்துக்கொண்டே போனாள். சர்தார் வாசலில் நின்றார். உட்காருங்கள் என்று அன்றைக்கு அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வேலை வேறு ஊருக்குப் போயிற்று. மாசி மாதம் முதல் அந்தப் பெண்களில் ஐந்து பேர் ஷூ கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். இடுப்பு தாங்காது என்று தெரிந்தும் தமிழ்செல்வியும் போகிறாள். சர்தார் வேங்கிக்கால் கம்பத்தை இறக்கி இரும்புக் கடையில் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போனுக்கு உறை விற்கிற கடையில் வேலைக்கு இருக்கிறார். தமிழ்செல்வியின் நம்பர் அவர் போனில் இன்னும் இருக்கிறது. அதிலிருந்து அழைப்பு வருவதில்லை. இவர் அழைப்பதும் இல்லை.

அழைப்பது திரௌபதி ஒருத்திதான். கரண்ட் போய்ப் போய் வந்தால் பச்சை விளக்கு அணைந்துவிடும். உடனே அவள் போன் வரும். "பாய், கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போறீங்களா? அவரு காலைல இருந்து சாப்பிடல." சர்தார் கடையில் சொல்லிவிட்டு, பழைய சாமான்களில் இருந்து ஒரு அடாப்டரைத் தேடி எடுத்துக்கொண்டு போவார். செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டு ஏறி, தகரக் கூரைக்குள் குனிந்து மாற்றிக் கொடுப்பார். விளக்கு பச்சையாக எரியும். திருமலை கும்பிடுவார். மறுமுனையில் யாருமே இல்லாத அந்த ஒரு லைனைத்தான் சர்தார் பாய் இன்றைக்கும் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார்.